மடியும் ரோபோ கரடுமுரடான தரையைக் கடப்பது எதனால்?

ஓரிகாமி (காகித மடிப்புக் கலை) முறையில் மடியும் ரோபோக்கள் பாறை, மணல், இடிபாடு என எல்லாவற்றையும் கடந்துபோவதாக வீடியோக்களில் வருகிறது. லேசர் வெட்டும் வசதியும் பிளாஸ்டிக் தாளும் கையில் இருந்தால் அப்படி ஒன்றை நாமே செய்யலாமா, சாதாரணச் சக்கர வண்டியைவிட அது நன்றாக ஏறுமா, எந்த மடிப்பு வடிவத்தில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் "நன்றாக ஏறுமா" என்பதுதான் இதில் உயிரான கேள்வி. ரோபோவை மேலே ஏற்றுவது மடிப்பு அல்ல, தரையைத் தொடும் விளிம்பு. மடிப்பு தருவது எடைக்குறைவு, விழுந்தாலும் உடையாத உடல், தேவைப்படும்போது உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி. இவை பெரிய லாபங்கள்தாம், ஆனால் பிடிப்பு இந்தப் பட்டியலில் இல்லை. இதைக் கலந்துகொள்வதால்தான் அழகாக மடிகிற, ஒரு சிறு கல்லைக்கூடத் தாண்டாத ரோபோக்கள் நிறைய உருவாகின்றன.

ஓரிகாமி ரோபோ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, சிறிதாக மடித்து எடுத்துப்போய் விரிப்பது. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியுரா வகுத்த மடிப்பு 1995-இல் ஏவப்பட்ட ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் விண்கலத்தின் சோதனைப் பலகத்தில் பயன்பட்டது இந்த வகை. இரண்டாவது, உற்பத்தி முறை: தட்டையாக வெட்டி, அடுக்கி, ஒட்டி, பிறகு மடித்து இயந்திரமாக்குவது. 2014-இல் ஹார்வர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் காட்டிய, சூடேற்றினால் சுருங்கும் பாலிஸ்டைரீன் அடுக்கால் சுமார் 4 நிமிடத்தில் தானே மடிந்து எழுந்து ஊர்ந்த ரோபோ இப்படிப்பட்டது. அது வாழ்நாளில் ஒரே முறை மடிகிறது. அதன்பின் அது சாதாரண நடக்கும் பொறிதான். மூன்றாவது வகை மட்டுமே ஓடும்போது உருவத்தை மாற்றிக்கொள்கிறது. உங்கள் கேள்வி இந்த மூன்றாவதைப் பற்றியது. ஆனாலும் இரண்டாவதை விட்டுவிட வேண்டாம், அங்கேதான் எளிதில் கிடைக்கும் பலன் இருக்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2009-இல் செய்யப்பட்ட டாஷ் என்ற ஆறு கால் ரோபோவைப் பாருங்கள். அட்டையும் பாலியெஸ்டர் படலமும் சேர்த்து ஒட்டிய உடல், 16 கிராம் எடை, 10 சென்டிமீட்டர் நீளம், எல்லாக் கால்களையும் ஓட்ட ஒரே மோட்டார். நொடிக்கு 1.5 மீட்டர் ஓடியது. 28 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் தொடர்ந்து ஓடியது. காரணம் அளவு விதி. நீளம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிறது, தாங்கும் குறுக்குப் பரப்போ நான்கில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. சிறிய, வளைந்துகொடுக்கும் உடலுக்கு விழுதல் ஆபத்தே இல்லை. கரடுமுரடான தரையில் உருண்டு விழுவது தவிர்க்க முடியாதது என்பதால், விழாமல் இருக்கச் செலவிடும் உழைப்பை விழுந்தபின் எழுவதில் செலவிடலாம். இதே விதி மறுபக்கமும் வெட்டும்: எல்லா அளவுகளையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு, தகட்டின் அழுத்தம் இரு மடங்கு. உள்ளங்கையளவில் அற்புதமாக ஓடும் வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் கீல்தான் முதலில் கிழியும்.

ஓடும்போது மடிவதற்குத் தெளிவான உதாரணம் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி செய்த பஃபர். அதன் உடலே மின்சுற்றுப் பலகை. விறைப்பான பகுதிகளுக்கு நடுவே நோமெக்ஸ் துணி கீலாக இருக்கிறது; தீயணைப்பு வீரர்களின் உடையில் வரும் அதே துணி. நிமிர்ந்தால் சக்கர வண்டி, படுத்தால் பாறை விளிம்புகளுக்கு அடியில் நுழையும் தட்டை உருவம். 45 பாகைச் சரிவு ஏறும், ஒரு சார்ஜில் சமதரையில் சுமார் 625 மீட்டர் போகும் என்பவை அதன் அறிவிக்கப்பட்ட அளவுகள். 625 மீட்டர் என்பது சமதளத்துக்கான எண். 45 பாகை என்பது விளிம்பு கவ்விப்பிடிக்கும் தரைக்கான எண். உலர்ந்த மணல் 30 முதல் 35 பாகையிலேயே தானாகச் சரிந்துவிடும், அதில் எந்தச் சக்கரமும் 45 பாகை ஏற முடியாது. பஃபரின் சக்கரத்தைக் கவனித்தால் இன்னொன்று தெரியும்: ஏறும் வேலையைச் செய்வது சக்கரத்தின் பல், நுழையும் வேலையைச் செய்வது மடிப்பு.

இதை எண்ணாகப் பார்ப்போம். பின்னால் வால் கொண்ட, இரு சக்கரம் மட்டும் இயங்கும் சிறு ரோபோ ஒரு படியின் முனையைத் தொடுகிறது. முனையில் கிடைக்கும் தாங்குவிசை ஏறத்தாழ நேர்மேல்நோக்கி இருக்க வேண்டும். தொடும் புள்ளியிலிருந்து சக்கர மையத்துக்குப் போகும் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அந்தக் கோணத்தின் டான்ஜென்ட் உராய்வுக் கெழுவை (இரு பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்ற எண்) தாண்டினால் சக்கரம் வழுக்கும். உராய்வுக் கெழு 0.8 என்று வையுங்கள். ரப்பருக்கும் உலர்ந்த கல்லுக்கும் இது நியாயமான மதிப்பு. கோணம் 38.7 பாகை. ஏறக்கூடிய படி உயரம் ஆரத்தில் 22 சதவீதம். 65 மி.மீ. விட்டச் சக்கரத்துக்கு வெறும் 7 மி.மீ. மடிப்பால் சக்கரத்தை 110 மி.மீ. ஆக விரித்தாலும் 12 மி.மீ. தான். இவ்வளவு பாடுபட்டு 5 மி.மீ. லாபம். அதே 65 மி.மீ. சக்கரத்தின் விளிம்பில் 8 மி.மீ. நீளத்தில் ஆறேழு பற்கள் வைத்தால், பல் முனையில் கொக்கி போட்டுவிடும். அங்கே உராய்வுக் கணக்கே பொருந்தாது, சக்கர ஆரத்துக்கு நெருக்கமான படியைக்கூட ஏற வாய்ப்பு வந்துவிடும். விலையும் உண்டு: சமதரையில் ஒவ்வொரு பல்லிலும் உடல் ஏறி இறங்கும், அந்த அதிர்வு கீலின் பசையைத் தின்னும்.

இதற்காக விரியும் சக்கரம் வீண் என்று சொல்லவில்லை. சியோல் தேசியப் பல்கலைக்கழகம் ஹான்குக் டயர் நிறுவனத்தோடு சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஓரிகாமிச் சக்கரம் சுமார் 45 சென்டிமீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மாறும், மனிதர் ஏறிப்போகும் வண்டியைத் தாங்கும். அங்கே விட்டம் கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. ஆற்றல் மிச்சத்துக்குச் சிறிய நிலை, தடைக்குப் பெரிய நிலை என்று பிரித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அதற்கு அலுமினியத் தகடுகளும் வலுவான துணியும் தேவைப்பட்டன. மடித்த அட்டையில் செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

இனி கீல். உங்கள் ரோபோ பிழைப்பதும் சாவதும் இங்கேதான் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன். மடிப்புக் கீல் என்பது இரண்டு விறைப்பான தகடுகளுக்கு நடுவே படலம் மட்டும் இருக்கும் இடைவெளி. மடிக்கும்போது படலத்தின் மேற்பரப்பு எவ்வளவு இழுபடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: படலத் தடிமனை ரேடியனில் உள்ள மடிப்புக் கோணத்தால் பெருக்கி, இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் மடியும் கீலுக்கு இதை 1 சதவீத அளவில் வைத்துக்கொள்வது பத்திரமானது. 25 மைக்ரான் பாலிஇமைடு படலம், 90 பாகை மடிப்பு என்றால் இடைவெளி 2 மி.மீ. தேவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 125 மைக்ரான் பாலியெஸ்டர் தாளுக்கு அதே கணக்கு 10 மி.மீ. என்கிறது. 10 மி.மீ. இடைவெளி கீலே அல்ல, தொங்கும் நாடா. பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும், அமுக்கினால் மடங்கிச் சரியும். பலர் தடித்த தாளை எடுத்து, குறுகிய கோடு கீறி மடிக்கிறார்கள். சில நூறு மடிப்புகளில் கோடு வெளுத்து, பிறகு விரிசல் விடுகிறது. அதோடு, தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு கூடுகிறது, மடிக்கும் மோட்டாரும் திணறும். பாலிபுரொப்பிலீன் இதற்கு விதிவிலக்கு; டப்பா மூடிகளில் பார்ப்பதுபோல மெல்லிய கோடாக அழுத்தி முதன்முறை முழுவதும் மடித்தால் அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டு நீண்ட காலம் உழைக்கும். அதன் குறை, சாதாரணப் பசைகள் அதில் ஒட்டாது.

வெளித்தரைக்கு நான் பரிந்துரைப்பது துணிக் கீல். கிழியாத பின்னல் கொண்ட நைலான் துணி வளைவதற்கு விசையே கேட்காது, மணல் உரசினாலும் தாங்கும். பதிலுக்கு அது துல்லியத்தை விட்டுக்கொடுக்கிறது; ஒவ்வொரு கீலும் அரை மி.மீ. ஆடினால் நான்கு கீல் தாண்டி 2 மி.மீ. ஆட்டம். இரண்டு மூன்று கீல் உள்ள உடலுக்கு இது பொருட்டல்ல, கால்களை ஓட்டும் நுண்ணிய இணைப்புகளுக்குப் பொருட்டு. அங்கே பாலிஇமைடு வையுங்கள்.

தகட்டின் தடிமன் அடுத்த சிக்கல். காகிதத்தில் மடிவதெல்லாம் 1 மி.மீ. தகட்டில் மடியாது. படலத்தை நடுவில் வைத்து இருபுறமும் விறைப்புத் தகடு ஒட்டினால், முழுதாக 180 பாகை மடிய இடைவெளி ஒரு பக்கத் தகட்டுத் தடிமனைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும், 0.8 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. ஒரே திசையில் மடிந்தால் போதும் என்றால் இதைவிட நல்ல வழி உண்டு: தகடுகளின் ஓரங்களை ஒட்டி வைத்து, எந்த முகங்கள் உள்ளே மூடிக்கொள்ள வேண்டுமோ அந்த முகத்தில் மட்டும் துணியை ஒட்டுங்கள். இடைவெளி தேவையில்லை, எதிர்த்திசையில் ஓரங்கள் முட்டிக்கொள்வதால் தட்டையான நிலையில் தானே நின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் தடுப்பு இது.

ஆனால் பல மடிப்புக்கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் வடிவங்களில் இந்த உத்தி தவறிப்போகும். சில கீல்கள் மேல் முகத்திலும் சில கீழ் முகத்திலும் அமைந்தால் அவற்றின் அச்சுகள் ஒரு புள்ளியில் சந்திக்காது, அமைப்பு பூட்டிக்கொள்ளும் அல்லது துணியைக் கிழிக்கும். கீல் அச்சுகளை எவ்வளவு இடம் மாற்றி வைத்தால் தடித்த தகடுகளும் தடையின்றி மடியும் என்பதை 2015-இல் யான் சென், ருய் பெங், சொங் யூ என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். அந்த விகிதங்கள் கறாரானவை, கண்மதிப்பில் வைக்க முடியாது. எனவே எந்த வடிவத்தில் தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: மியுரா வேண்டாம், வாட்டர்பாம் வேண்டாம், இரண்டு இணைகோடுகளில் தொடங்குங்கள். மியுராத் தாள் கணக்கில் ஒரே ஒரு இயக்கம் உடையது, ஒரு மூலையை இழுத்தால் முழுதும் மடிய வேண்டும். நிஜத்தில் ஒவ்வொரு தகடும் கொஞ்சம் வளைவதால் தூரத்து மூலைக்குச் செய்தியே போய்ச் சேராது. ஆறு கோடுகள் கூடும் வாட்டர்பாம் முனையில் இயக்கங்கள் மூன்று. ஒன்றை மட்டும் கட்டுப்படுத்தினால் மற்றவை தம் போக்கில் போகும். இவை தேர்ந்த கைகளில் அற்புதமான வடிவங்கள், முதல் ரோபோவுக்கு ஏற்றவை அல்ல.

செய்து பார்க்க ஓர் அமைப்பு சொல்கிறேன். நடுத்தகடு 60 மி.மீ. அகலம், இருபுறமும் அதே அகலத்தில் பக்கத்தகடுகள், நீளம் 100 மி.மீ., பொருள் 1 மி.மீ. பாலிகார்பனேட் அல்லது 0.8 மி.மீ. எஃப்ஆர்-4 (மின்சுற்றுப் பலகை செய்யும் கண்ணாடி இழைத் தகடு). பாலிகார்பனேட்டை லேசரில் வெட்டாதீர்கள், கருகி மஞ்சளாகும். கத்தியால் கீறியோ ரம்பத்தாலோ வெட்டலாம். எஃப்ஆர்-4-ஐயும் லேசருக்குக் கொடுக்க வேண்டாம், கண்ணாடி இழையும் புகையும் கெடுதல். சுற்றுப் பலகை செய்பவர்களிடம் வரைபடம் தந்தால் அளவாக வெட்டித் தருவார்கள். நிமிர்ந்த நிலையில் பக்கத்தகடுகள் 60 பாகை கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் 65 மி.மீ. சக்கரம் செங்குத்தாக நிற்கும்படி மோட்டாரைப் பக்கத்தகட்டில் சாய்த்துப் பொருத்துங்கள். உடல் தட்டையானால் சக்கரமும் 60 பாகை சாய்ந்து அதன் உயரம் பாதியாகும், 32 மி.மீ. அளவுக்கு வரும். அப்போது ஓரம் மட்டுமே தரையைத் தொடுவதால் பிடிப்பு குறையும். தாழ்ந்த நிலை நுழைவதற்கு, ஏறுவதற்கல்ல. எடைப் பங்கீடு: உடல் 50 கிராம், இரண்டு என்20 மோட்டார் (கியரோடு வரும் சிறு மோட்டார்) 20, இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 25, மின்னணு 25, சக்கரங்கள் 40, மடிக்கும் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) 15, வால் 5, திருகு, கம்பி, பசை எல்லாம் சேர்த்து 20. மொத்தம் 200 கிராம்.

இந்த 200 கிராமுக்கு எடைவிசை சுமார் 2 நியூட்டன். 45 பாகைச் சரிவுக்கு 1.4, தளர்ந்த மண்ணின் எதிர்ப்புக்கு 0.5 என்று சேர்த்தால் 2 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு, 32 மி.மீ. ஆரத்தில் இரு சக்கரத்துக்கும் சேர்த்து 0.06 நியூட்டன் மீட்டர், ஒரு மோட்டாருக்கு 0.03. படி ஏறும் நொடியில் இது பல மடங்காகும் என்பதால் 0.1, அதாவது 1 கிலோகிராம் சென்டிமீட்டர் தரும் மோட்டாரை எடுங்கள். நிமிடத்துக்கு 100 சுற்று இருந்தால் நொடிக்கு 34 சென்டிமீட்டர் வேகம் கிடைக்கும், போதுமானது. வேகமான கியரை எடுத்தால் முதல் கல்லிலேயே மோட்டார் நின்று சூடாகும். வால் அலங்காரம் அல்ல: சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை உடலை எதிர்த்திசையில் புரட்டும், அதைத் தரையில் ஊன்றித் தடுப்பது வால்தான். 150 மி.மீ. வாலில் 0.06 நியூட்டன் மீட்டருக்கு 0.4 நியூட்டன் விழுகிறது, அந்த அளவு சக்கரத்தின் மேல் உள்ள பாரம் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. வாலை 75 மி.மீ. ஆக்கினால் இழப்பு இரட்டிக்கும். நீளமான, மேலே கொஞ்சம் வளைந்த கார்பன் இழைக் கம்பி நல்லது. நேரான முனை கல்லிடுக்கில் மாட்டும்.

சர்வோ இழுத்துப் பக்கத்தகடுகளைக் கீழே மடித்து உடலைத் தூக்கும் கயிற்றில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். தகடுகள் தட்டையாக இருக்கும்போது, தகட்டோடு ஒட்டிப்போகும் கயிறு கீலின் அச்சு வழியாகவே போகிறது. எவ்வளவு இழுத்தாலும் தூக்காது. ஒவ்வொரு பக்கமும் பாதி எடையான 1 நியூட்டன், 60 மி.மீ. நெம்புதூரம் என்றால் தேவை 0.06 நியூட்டன் மீட்டர். கயிறு அச்சிலிருந்து 3 மி.மீ. விலகியிருந்தால் 20 நியூட்டன் இழுக்க வேண்டும், 6 மி.மீ. என்றால் 10. சிறிய 9 கிராம் சர்வோ 10 மி.மீ. கையில் தருவது 15 நியூட்டன் அளவில்தான். ஆகவே கீலின் அடிப்பக்கத்தில் 6 மி.மீ. உயரக் குத்துக்கால் ஒன்று வைத்து அதன் மேல் கயிற்றை ஓட்டுங்கள், பக்கத்துக்கு ஒரு சர்வோ இல்லையென்றால் இரண்டு கயிற்றுக்கும் சேர்த்து வலுவான ஒன்று. பின்னிய மீன்பிடி நூல் நல்லது, ஒற்றை இழை நைலான் மெல்ல மெல்ல நீளும். நிமிர்ந்த நிலையைச் சர்வோவே தாங்கிப்பிடிக்க விடாதீர்கள். சிறு காந்தங்களோ, கை மைய நிலையைத் தாண்டி உட்காரும் அமைப்போ பூட்டட்டும். இல்லாவிட்டால் பேட்டரி நிற்பதற்கே தீர்ந்துபோகும்.

உடைவது பெரும்பாலும் ஒட்டிய இடம். உரிதல் கீலின் இரு முனைகளில் தொடங்கி உள்ளே ஓடும். துணி தகட்டின் மேல் குறைந்தது 10 மி.மீ. படரட்டும், கீல் முனைகளில் துணியின் மூலையை வட்டமாக வெட்டுங்கள், ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டையைத் திருகி அழுத்துங்கள். இருபக்கப் பசை நாடா மட்டும் நம்பினால் வெயிலில் மெதுவாக வழுகும். கம்பிகள் கீலைக் குறுக்கே நேராகக் கடக்கக் கூடாது; கீலோடு இணையாகக் கொஞ்ச தூரம் போய்ப் பிறகு கடந்தால் வளைவுக்குப் பதில் முறுக்கம் வரும், பல இழைக் கம்பி அதை நீண்ட நாள் தாங்கும். பேட்டரி மடியவே கூடாது, அதனால் அதற்கு நடுத்தகடு. அடியில் கூரான கல் குத்தாதபடி தகடு கீழே, பேட்டரி மேலே.

தூசியில் மடிப்புக் கீலுக்கு உண்மையான மேன்மை இருக்கிறது: உரசும் பரப்பே இல்லாததால் மணல் புகுந்து அரைக்க எதுவும் இல்லை. திறந்த கியர் மோட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதை மூடியாக வேண்டும். ஈரத்தில் அட்டை போய்விடும். சக்கரமே இல்லாமல் ஊரும் வழிகளும் உண்டு: 2018-இல் ஹார்வர்டில், வெட்டுக்கோடுகள் போட்ட பிளாஸ்டிக் தோலை மென்மையான காற்றுக்குழாயில் சுற்றி, ஊதும்போது செதில்கள் நிமிர்ந்து ஒரு திசையில் மட்டும் பிடிக்கும்படி செய்தார்கள். குறுகிய குழியில் இது சக்கரத்தை வெல்லும், செதில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லாத வழவழப்பான தரையில் நின்ற இடத்திலேயே துடிக்கும்.

மேலே தந்த எண்களில் கீல் கணக்கும் கயிற்றுக் கணக்கும் அப்படியே நம்பத்தக்கவை. உராய்வுக் கெழு மட்டும் உங்கள் தரையைப் பொறுத்தது, தளர்ந்த மண்ணில் அந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அங்கே மண்ணே சக்கரத்தோடு நகர்ந்துவிடும். அதனால் உடலை வெட்டும் முன் சக்கரத்தைச் சோதியுங்கள். ஒரு பலகையில் நீங்கள் கடக்க நினைக்கும் கல்லையோ மண்ணையோ ஒட்டி, சக்கரங்களைச் சுழலாமல் பூட்டி, 200 கிராம் பாரம் ஏற்றி வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். வழுக்கத் தொடங்கும் கோணமே ஏறக்கூடிய சரிவின் உச்ச வரம்பு. அதே கோணத்தின் கோசைனை ஒன்றிலிருந்து கழித்து ஆரத்தால் பெருக்கினால் பல் இல்லாத சக்கரம் ஏறும் படி உயரம். அந்த எண் உங்கள் தேவையைவிடக் குறைவாக வந்தால் விளிம்பையும் பல்லையும் மாற்றி மறுபடி பலகையில் வையுங்கள். மடிப்பு வரைபடத்தைத் திறப்பது அதற்குப் பிறகு.